எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கர்ப்பிணி

2020 மே 1 விடியற்காலையில், ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்திலுள்ள லிங்கம்பள்ளி நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு ஒரு ரயில் கிளம்பியது. கோவிட் ஊரடங்கு தொடங்கி ஐந்து வாரம் கழித்துப் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக நாட்டில் ஓடிய முதல் சிறப்பு ரயில் அது. ஏறக்குறைய 1,200 பேர் ஏறினார்கள். அங்கிருந்து பாலாநகர் தொழிற்பகுதி அதிக தூரமில்லை. ரயிலில் இடம் கிடைக்காதவர்களும், ரயில் விடுவார்கள் என்றே தெரியாதவர்களும் நகரத்தின் வடமேற்குத் தொழிற்பேட்டைகளிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே நடந்தார்கள். அதே மே மாதத் தொடக்கத்தில், அதே நெடுஞ்சாலையில், மேடக் மாவட்டத்துக்குள் ஒரு பெண்ணுக்குச் சாலையோரத்தில் பிரசவம் ஆனது. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவ் நோக்கி நடந்துகொண்டிருந்த நிறைமாதக்காரி அவர்.

செய்திகளில் அவர் நடந்த தூரம் பெரிதாக வந்தது. எனக்கு உறுத்தியது வேறு. நிறைமாதம் ஒரே நாளில் வருவதில்லை. எங்கோ ஒரு கூலிக் குடியிருப்பில் மாதக்கணக்கில் அந்த வயிறு வளர்ந்திருக்கிறது. அந்த மாதங்களில் அவர் பெயர் யாருடைய பதிவேட்டில் இருந்தது? மார்ச் 24 இரவு ஊரடங்கை அறிவித்தபோது, ‘இந்தச் சந்தில் ஏழெட்டு மாதக்காரி ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு வலி வந்தால் என்ன வழி’ என்று யோசிக்க வேண்டிய கடமை யாருக்கு இருந்தது?

தொற்றுக்காலத்திலும் பேரிடரிலும் மிட்வைஃப் என்ன செய்கிறார் என்று கேட்டால் நமக்குத் தியாகக் கதைகள்தான் பதிலாக வருகின்றன. வெள்ளத்தில் படகேறிப் போனவர், டார்ச் வெளிச்சத்தில் தொப்புள்கொடி அறுத்தவர், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வார்டுக்கு வந்தவர். இவை உண்மைதான். ஆனால் இவையெல்லாம் நல்லபடியாக முடிந்த பிரசவங்களின் கதைகள். நெருக்கடியில் மிட்வைஃப் எவ்வளவு பயன்படுவார் என்பது நெருக்கடிக்கு முந்தைய சாதாரண நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது: அவருக்கென்று ஒரு தெரு இருந்ததா, அந்தத் தெருவின் வயிறுகள் அவருக்குத் தெரியுமா, தானாக முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்ததா. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வீரம் மட்டும்தான் மிஞ்சும். வீரத்தை நம்பி ஒரு பிரசவத்தைத் திட்டமிட முடியாது.

பாலாநகரை வைத்தே இதைப் பார்க்கலாம். சுதந்திர இந்தியா தன் தொழில் கனவுகளை நட்ட இடங்களில் இதுவும் ஒன்று. 1961இல் உருவான ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து நிறுவனத்தின் ஆலை இங்கே வந்தது. ஹைதராபாத்தை மருந்து நகரம் ஆக்கிய பலர் அங்கே வேலை பழகியவர்கள்தான். கருவி வடிவமைப்புக்கான மத்திய நிறுவனமும் தேசியத் தொலையுணர்வு மையமும் இங்கேதான். ஐ.டி.பி.எல். உற்பத்தி நின்று போனது, பட்டறைகள் நிற்கவில்லை. லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் சந்துகளுக்குப் பின்னால் பிகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம், சத்தீஸ்கர் குடும்பங்கள் ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருக்கின்றன. பக்கத்துச் சனத்நகரில் பெரிய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) மருத்துவமனை இருக்கிறது, ஆனால் இ.எஸ்.ஐ. சீட்டு சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான். தினக்கூலிக்காரரின் மனைவிக்கு அந்தக் கட்டடம் வெறும் அடையாளச் சின்னம்.

தெலங்கானா அரசு 2018இல் தொடங்கிய பஸ்தி தவாகானாக்கள் இந்தப் பகுதிகளுக்கு நல்ல வரவு. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அங்கே மருந்து கிடைக்கும். பிரசவம் அங்கே பார்ப்பதில்லை. பிரசவம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி, அதற்குப் போக வண்டி. அந்த வண்டியும் இந்த ஊர்ச் சரக்குதான்: நாடு முழுவதும் இன்று ஓடும் 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் தொடங்கியது. அதே ஆண்டுதான் மத்திய அரசின் ஊரகச் சுகாதார இயக்கமும், மருத்துவமனையில் பெற்றுக்கொண்டால் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டமும் வந்தன. 2017இல் தெலங்கானா அரசு கே.சி.ஆர். கிட் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் பெற்றால் ஆண் குழந்தைக்கு 12,000 ரூபாய், பெண் குழந்தைக்கு 13,000 ரூபாய், கூடவே ஒரு பெட்டி நிறையக் குழந்தைச் சாமான் என்றிருந்தது.

இதன் பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தெலங்கானாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2014–16இல் 81 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 43 ஆனது. அப்போது இந்தியச் சராசரி 97, தமிழ்நாட்டில் 54. நூற்றுக்கு 97 பிரசவம் மருத்துவமனையில் நடந்ததாக 2019–20இன் தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: நூற்றுக்கு 60.7 குழந்தைகள் ஆப்பரேஷனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 81.5. நாட்டின் சராசரி 21.5 மட்டுமே. பத்து சதவீதத்துக்கு மேலே சிசேரியன் கூடக்கூட அதனால் தாய்-சேய் இறப்பு குறைவதாகச் சான்றில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லியிருந்தது. நல்ல முகூர்த்தம் பார்த்து வயிற்றைத் திறக்கச் சொல்லும் குடும்பங்களும் இந்த மாநிலத்தில் உண்டு, நேரம் குறித்துக்கொடுத்துத் திறக்கும் மருத்துவமனைகளும் உண்டு.

வண்டி, ஆப்பரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி. சாதாரண நாட்களில் தெலங்கானாவின் பிரசவம் இந்த நாலு கால்களில் நின்றது. 2020 மார்ச் கடைசியில் நாலும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. வண்டி ஓட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. சிகந்தராபாத் காந்தி மருத்துவமனை முழுக் கோவிட் மருத்துவமனையாக மாறியது. மயக்க மருந்து டாக்டர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் போனார்கள். தொற்றுப் பகுதியிலிருந்து வரும் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத் தேதிக்கு ஐந்து நாள் முன்பே சோதனை செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஏப்ரலில் சொன்னது, பல இடங்களில் அது சோதனைச் சீட்டு இல்லாதவரை வாசலிலேயே நிறுத்தும் காரணமாகிப் போனது. சோதனைக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது என்ற தெளிவான வரி மே 18 அறிக்கையில்தான் வந்தது. அதற்குள் ஏப்ரல் முடிந்திருந்தது. அந்த ஏப்ரலில்தான் கத்வால் பகுதியைச் சேர்ந்த 20 வயதுக் கர்ப்பிணி ஒருவர் ஒரு மருத்துவமனையிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றி மாற்றி அனுப்பப்பட்டு ஹைதராபாத் வந்து சேர்ந்தார். தாயும் பிழைக்கவில்லை, குழந்தையும் பிழைக்கவில்லை. விஷயம் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

எல்லா வாசலிலும் ஏதோ ஒரு விதி இருந்தது. அவருடன் கூட வந்து, “இது என் கேஸ், இவளை நான் ஆறு மாதமாகப் பார்க்கிறேன், இரத்தம் குறைவு, உடனே எடுங்கள்” என்று பேசும் ஒரு தொழில்முறை ஆள் மட்டும் எந்த வாசலிலும் இல்லை.

அப்படி ஓர் ஆள் நம் அமைப்பில் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. தெலங்கானா கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்களை மந்திரசானி என்பார்கள். நம் ஊர் மருத்துவச்சிகளைப் போலவே அவர்களும் பெரும்பாலும் நாவிதர், சலவைத் தொழிலாளர், தலித் சமூகத்துப் பெண்கள். தொப்புள்கொடியையும் நஞ்சையும் தொடுவது தீட்டு என்பதால் அந்த வேலை அவர்களுக்கு என்று ஆனது. அவர்கள் செய்வதால் வேலையும் தீட்டானது. கைநேர்த்தி இருந்தது, மரியாதை இல்லை, கூலியாகக் கொஞ்சம் தானியமும் பழம்புடவையும். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் தலைமறைவாக இருந்த பெண்களின் நினைவுகளை ஸ்த்ரீ சக்தி சங்கடனா 1980களில் தொகுத்தது. பெற்ற குழந்தையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போக நேர்ந்த தாய்மார்கள் அந்தத் தொகுப்பில் பேசுகிறார்கள். போராட்டத்தின் வரலாற்றில் துப்பாக்கிகளின் கணக்கு இருக்கும். அந்தப் பிள்ளைப்பேறுகளைப் பார்த்த கைகளின் கணக்கு அநேகமாக இருக்காது.

1946இல் போர் (Bhore) குழு அறிக்கை நாடு முழுவதற்கும் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள் சுமார் 5,000 பேர்தான் என்றும், ஒரு லட்சம் பேராவது வேண்டும் என்றும் கணக்கிட்டது. 1950களில் உருவான ஏ.என்.எம். (துணை நர்ஸ்-மிட்வைஃப்) பதவி இதற்கான விடை. பெயரிலேயே மிட்வைஃப் இருந்தது. இரண்டாண்டுப் பயிற்சியின் மையமும் பிரசவம்தான். 1973இல் கர்தார் சிங் குழு ஏ.என்.எம்.மைப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. பயிற்சிக் காலம் ஒன்றரை ஆண்டாகச் சுருங்கியது. மலேரியா, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று வேலைகள் குவிய, பிரசவம் பட்டியலின் அடியில் போனது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் திலீப் மாவலங்கரும் கிராந்தி வோராவும் 2008இல் எழுதிய ஆய்வறிக்கை இந்தச் சரிவை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறது.

அந்தப் படிகளில் ஒன்றைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. ஆள் பிடிக்கும் இலக்கு ஆசிரியருக்கும் கிராம அதிகாரிக்கும் இருந்ததுபோல ஏ.என்.எம்.முக்கும் இருந்தது. வீட்டுக்குள் வரை அனுமதி பெற்றிருந்த ஒரே அரசு ஊழியர் அவர்தான். அதனாலேயே அந்த வேலைக்கு வசதியானவர் ஆனார். இலக்குகளை அரசு 1996இல்தான் கைவிட்டது. அதுவரை ஏ.என்.எம். தெருவுக்குள் வந்தால் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டதற்கு அறியாமையைக் காரணம் சொல்வது அநியாயம். சமூக நெருக்கடியில் மிட்வைஃப் எப்போதும் தாயின் பக்கம் நிற்பார் என்று நினைப்பது நல்லெண்ணம். அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவரை இழுக்கும். தொழில் சுயேச்சை என்பதை நான் முக்கியம் என்று சொல்வது இதனால்தான். தனக்கென்று ஓர் ஒழுங்குமுறை, தனிப் பதிவு, தன் தொழிலின் அறம் என்று ஒன்று இருந்தால்தான் மேலிடத்து உத்தரவுக்கு ‘இது என் வேலை இல்லை’ என்று சொல்ல ஒரு தரை கிடைக்கும்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், தெலங்கானா வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுப்பு நடத்தியது. ஏ.என்.எம்.களும் ஆஷா எனப்படும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களும்தான் படியேறினார்கள். அந்தக் கணக்கெடுப்பு பல உயிர்களைக் காத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கர்ப்பிணிகளின் பட்டியல் யாரிடம் இருந்ததோ அவரே காய்ச்சல் பட்டியல் எழுதப் போனார். முதல் பட்டியலைப் பார்க்க ஆள் இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், கதை வேறு விதமாகப் போனது. 1926இல் களுத்துறையில் ஆசியாவின் முதல் சுகாதார அலகு தொடங்கியது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவமாது என்ற அமைப்பு அங்கிருந்து பரவியது. 1934–35இன் மலேரியாக் கொள்ளைநோயில் 80,000 பேருக்கு மேல் இறந்தார்கள்; கர்ப்பிணிகளை அது குறிவைத்து அடித்தது. அந்த அடிக்குப் பிறகு நாட்டுப்புறச் சுகாதாரத்தை அரசு விரிவாக்கியது. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் இறப்பு அந்த நூற்றாண்டின் கடைசிக்குள் நூறுக்குக் கீழே வந்தது. இலங்கையும் பின்னாளில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டது. ஆனால் மருத்துவமாதைத் தெருவிலிருந்து எடுக்கவில்லை. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர். கல்யாணமான குடும்பங்கள் எல்லாம் அவருடைய பதிவேட்டில். கர்ப்பம் தரித்ததும் ஒவ்வொரு தாய்க்கும் எச்-512 என்ற அட்டை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு தாயிடம் கேளுங்கள், தன் மருத்துவமாதின் பெயரைச் சொல்வார். ஹைதராபாத்திலும் சென்னையிலும் கேளுங்கள், ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வார்கள்.

2004 ஆழிப்பேரலையில் கிழக்குக் கரையில் சிகிச்சை நிலையங்கள் போயின. மருத்துவமாதுகளும் உறவுகளை இழந்தார்கள். போர்க்காலத்தில் வடக்கில் அவர்கள் எண்ணிக்கை பெரிதும் குறைந்து, பல பகுதிகள் வெறுமையாகக் கிடந்தன. எனவே இதைச் சொர்க்கமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் 2022இன் பொருளாதாரச் சரிவில் அந்த அமைப்பு ஒரு காரியம் செய்தது. பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற அந்த ஆண்டிலும் குழந்தைகளை எடைபோடும் வேலை நிற்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் எடை குறைந்தவர்கள் 2021இல் 12.2 சதவீதம், 2022இல் 15.3 சதவீதம் என்று அந்தத் தராசுகளிலிருந்து கணக்கு வந்தது. விலைவாசி குழந்தையின் உடம்பில் எப்படி இறங்குகிறது என்பதை அரசுக்கு முதலில் சொன்னவர்களில் மருத்துவமாதுகள் இருந்தார்கள். நெருக்கடியைக் கண்டுபிடிப்பதும் இந்தத் தொழிலின் வேலைதான்.

தெலங்கானா மிட்வைஃப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது 2017இல். ஹைதராபாத்தில் 1948இலிருந்து இயங்கும் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையில் டாக்டர் எவிட்டா ஃபெர்னாண்டஸ் 2011 முதலே மிட்வைஃப் பயிற்சி நடத்திவந்தார். சுகப்பிரசவத்தை மகப்பேறு மருத்துவர் கையிலிருந்து மிட்வைஃப் கைக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு மகப்பேறு மருத்துவரே பிரசாரம் செய்தது விநோதம்தான். அவருடைய சொந்தத் துறையில் அதற்குக் கைதட்டல் மட்டும் கிடைத்திருக்காது என்று ஊகிக்கலாம். மாநில அரசும் யுனிசெஃபும் அந்த மருத்துவமனையுடன் சேர்ந்தன. கரீம்நகரில் 30 அரசு நர்ஸ்களுக்கு ஒன்றரை ஆண்டுப் பயிற்சி முதலில் நடந்தது. 2018 டிசம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான மிட்வைஃப் சேவை வழிகாட்டுதலை வெளியிட்டது. முதல் குழுவினர் பிரசவ வார்டுகளில் கால் ஊன்றிச் சில மாதங்களே ஆனபோது கோவிட் வந்தது. 2022 வாக்கில் இருநூறுக்கு மேற்பட்ட மிட்வைஃப்கள் மாநில அரசு மருத்துவமனைகளில் இருந்தார்கள்.

வார்டுக்குள் மிட்வைஃப் செய்யும் வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து பார்த்தால் அவர் ஒன்றுமே செய்யாததுபோலத் தெரியும். வலியெடுத்த பெண்ணின் பக்கத்தில் இருப்பார். நடக்கச் சொல்வார், குந்தச் சொல்வார், ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்; மல்லாக்கக் கிடத்திக் காலைத் தூக்கிக் கட்டும் பழக்கத்தைத் தவிர்ப்பார். குழந்தையின் இதயத்துடிப்பை அரைமணிக்கொரு தரம் கேட்பார். முக்கத் தொடங்கியபின் ஐந்து நிமிடத்துக்கொரு தரம். கர்ப்பவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே வருவார். ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் எடுக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 டிசம்பர் கையேடு சொல்கிறது. அதற்கு முன்னால் ‘வலி முன்னேறவில்லை’ என்று முடிவுகட்டி எத்தனை வயிறுகளைத் திறந்திருக்கிறோமோ. குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி, கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுவது, குழந்தையை அம்மாவின் மார்பில் போடுவது. இவ்வளவுக்கும் நடுவே ஒரு கண் உதிரப்போக்கின் மேல். எந்த நொடியில் இது தன் கையைத் தாண்டிவிட்டது, டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிவதுதான் பயிற்சியின் உச்சம்.

கோவிட் வார்டில் இந்த வேலைகளில் பாதியைக் கவச உடை பறித்தது. முகம் தெரியாது, குரல் மழுங்கும், கையுறை இரண்டு அடுக்கு. துணைக்கு ஆள் விடக் கூடாது என்று பல மருத்துவமனைகள் முடிவெடுத்தன. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவைத்த இடங்களும் உண்டு. தாயையும் சேயையும் பிரிக்க வேண்டாம், தாய்ப்பால் கொடுக்கலாம், துணை இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. பயந்துபோன நிர்வாகத்திடம் அந்த வரியைக் காட்டி வாதாடக்கூடியவர் யார்? அம்மா பேச முடியாத நிலையில் இருக்கிறார். அம்மாவின் அம்மா கேட்டுக்கு வெளியே.

கணக்காகச் சொன்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. நூற்றில் அறுபது பிரசவம் கத்தியால் நடக்கும் மாநிலத்தில் தொற்று வந்து தியேட்டரைச் சுருக்கினால் அறுபது பேரும் ஒரே கதவில் முட்டுவார்கள். அவர்களில் உண்மையிலேயே கத்தி தேவைப்பட்டவர் சிலர். அந்தச் சிலருக்கு இடம் இருக்க வேண்டுமானால் மற்றவர்கள் சுகமாகப் பெற்றுப் போயிருக்க வேண்டும். மிட்வைஃப் இருந்தால் ஆப்பரேஷனே வேண்டாம் என்பதல்ல பேச்சு. ஆப்பரேஷன் வேண்டியவருக்கு அது கிடைக்க அவர் வழிவிட்டுத் தருகிறார்.

ஊரடங்கு பிரசவத்தை என்ன செய்தது என்பது அண்டை நாட்டில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளில் ஊரடங்கின்போது பிரசவங்கள் பாதிக்கும் கீழே விழுந்தன. ஆயிரத்துக்கு 14 ஆக இருந்த இறந்து பிறத்தல் 21 ஆனது. பச்சிளங்குழந்தை இறப்பு 13இலிருந்து 40 ஆனது. லான்செட் குளோபல் ஹெல்த் 2020இல் வெளியிட்ட ஆய்வு இது. கை கழுவும் பழக்கம் மட்டும் அந்த மாதங்களில் மேம்பட்டதாம். கை சுத்தமாக இருந்தது, ஆள் வரவில்லை. அதே இதழில் அந்த ஆண்டு இறுதியில் வந்த மற்றொரு கணிப்பு, மிட்வைஃப்கள் செய்யக்கூடியவை எல்லாருக்கும் கிடைத்தால் 2035க்குள் தாய் இறப்பிலும் பச்சிளங்குழந்தை இறப்பிலும் இறந்து பிறத்தலிலும் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தவிர்க்கலாம் என்றது. மாதிரிக் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை, திசையை நம்பலாம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014–15 எபோலாவில் டாக்டர்களும் நர்ஸ்களும் மிட்வைஃப்களும் பெருமளவில் இறந்தார்கள். இரத்தமும் பனிக்குட நீரும் பட்டே தீரும் வேலையில் தொற்று முதலில் பிடிப்பது பிரசவம் பார்ப்பவரைத்தான். செத்துப்போன அந்த ஊழியர்கள் இல்லாமல் தாய் இறப்பு லைபீரியாவில் 111 சதவீதமும் சியரா லியோனில் 74 சதவீதமும் உயரலாம் என்று 2015இல் மதிப்பிட்டார்கள். ஒரு மிட்வைஃப் இறந்தால் அடுத்தவரை உருவாக்க ஆண்டுகள் ஆகும். தேவதை என்று போஸ்டர் அடிப்பதைவிட முகக்கவசமும் நிரந்தர வேலையும் முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தெலங்கானாவில் ஒப்பந்த அடிப்படையில் இருந்த ஏ.என்.எம்.கள் பணி நிரந்தரம் கேட்டு 2023 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொற்றுக்காலத்தில் படியேறியவர்களும் அவர்களே.

அதே 2023இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் மிட்வைஃப் ஆணையச் சட்டத்தை இயற்றி, 1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்தை நீக்கியது. பெயரில் மிட்வைஃப் தனித் தொழிலாக ஏறியிருக்கிறார். நல்லதுதான். ஆனால் 2018 வழிகாட்டுதல்படி அவர் உட்கார வேண்டிய இடம் கூட்டம் அதிகமுள்ள மருத்துவமனைகளின் மிட்வைஃப் பிரிவு. அதாவது வாசலுக்கு உள்ளே. 44ஆம் எண் சாலையில் நடந்த பெண்ணின் பிரச்சினை வாசலுக்கு வெளியே இருந்தது.

வாசலுக்கு வெளியே நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் கணக்கு 10,000 பேருக்கு ஓர் ஏ.என்.எம். இலங்கையின் அளவோடு வைத்துப் பார்த்தால் மூன்று மடங்கு சுமை. அதிலும் பாலாநகர் போன்ற இடத்தில் அந்தப் பத்தாயிரம் பேர் ஆண்டுக்கு ஆண்டு வேறு ஆட்கள். ஆறாம் மாதத்தில் பிகாரிலிருந்து வந்து சேரும் பெண்ணிடம் இந்தியில் அச்சிட்ட தாய்-சேய் அட்டை இருக்கலாம், ஊரிலேயே விட்டுவிட்டும் வந்திருக்கலாம். எட்டாம் மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்வார். அநேகமாக அதுதான் அவர் திட்டமும். அதனால் இங்கே அவரைப் பதிய யாரும் அவசரப்படுவதில்லை. 2020இல் ஊருக்குப் போகும் ரயில் நின்றபோது இந்த ஏற்பாட்டின் ஓட்டை தெரிந்தது. அக்டோபரில் அதே நகரத்தில் வெள்ளம் வந்து காலனிகள் மூழ்கியபோது மறுபடி தெரிந்தது.

கரீம்நகரில் தொடங்கி வார்டுகளில் நிரூபித்ததைச் சந்துக்குக் கொண்டுவருவது பெரிய செலவுள்ள காரியமாகத் தோன்றவில்லை. தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இந்தப் பயிற்சி பெற்ற ஒருவர். அவருக்குக் கீழே இப்போதுள்ள ஏ.என்.எம்.களும் ஆஷாக்களும், ஊருக்குப் போகிறேன் என்பவரையும் சேர்த்து ஏழு மாதம் தாண்டிய எல்லாரின் பெயரும் கைபேசி எண்ணும், இந்தி தெரிந்த ஒருவராவது அந்தக் குழுவில். மிக முக்கியமாக, பிரசவ வார்டு அவரை உள்ளே விட வேண்டும்: தான் பார்த்துவந்த பெண்ணுடன் வந்து, கேஸைச் சொல்லி ஒப்படைக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர்களிடமிருந்து எதிர்ப்பு வரும், வார்டு நர்ஸ்களிடமிருந்தும் வரும். கரீம்நகரில் 30 பேரை அனுப்பியபோதும் பழகிப்போன வார்டுகளுக்குள்தான் அவர்கள் நுழைய வேண்டியிருந்தது.